கடலுக்கு அரை மணி நேரம்

மூணாறிலிருந்து கொச்சிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

“கடல் பாக்க எவ்வளவு நேரம் விடுவீங்க?” என்று அந்த அக்கா கேட்டதும் நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.

“அரை மணி நேரம். அப்புறம் மீன் புடிக்கிற சீனவலை, பழைய சர்ச்சு.”

“நான் என்ன ஒங்க ஜீப்புல ஏறுன டூரிஸ்ட்டா? கல்யாணமாகி இப்பத்தான் மொத மொதல்ல ஊர் சுத்தப் போறோம். அங்கயும் என்னைய எறக்கி விட்டுட்டு ரோட்டோரமா நிப்பீங்க.”

“பழகிப்போச்சு புள்ள. நானும் வந்துட்டா வண்டிய யாரு பாக்குறது?”

“நாம பஸ்ஸுலல்ல போறோம்!”



“சரி. கடலோரமா சீனவலை வரைக்கும் ஒங்கூடவே நடக்குறேன்.”

“நடங்க. ஆனா ‘ரைட் சைடுல பாருங்க’ன்னு மட்டும் சொல்லிறாதீங்க.”