நீலத்தில் ஊறிய பல்

இளம்பிள்ளை ஊரைத் தாண்டியதும், கரிப்புகையில் ஓடும் எங்கள் பஸ் மேட்டில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் பஸ்ஸின் பின்னாலிருந்த கரி அடுப்பைக் கிளறினார். எனக்கு முன் இருக்கையில் நூலுக்குச் சாயம் போடும் கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவிக்குக் கன்னம் வீங்கியிருந்தது.

“புடுங்கின பல்லை ராத்திரி பூராவும் நீலத் தொட்டியில போட்டு வெச்சேனுங்க,” என்றாள் கணவனிடம்.

“சாயத் தொட்டியிலயா? எதுக்கு?”

“வேருல மருந்து அடைச்சாச்சு, சொட்டுத் தண்ணி உள்ள போகாதுன்னாரு டாக்டர். நேத்து வலிக்குதுன்னு போனா, அடைப்பு ஒழுகுதுன்னு புடுங்கிட்டாரு. நூல்ல இறுக்கிக் கட்டின கட்டுக்குள்ள சாயம் எறங்குச்சான்னு நாம பாக்கறதில்லீங்களா? அது மாதிரிதான்.”

மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். காலையில் அம்மிக்கல்லில் வைத்து உடைத்தாளாம்; பல் இரண்டு துண்டாக இருந்தது. மேலே கருநீலம், உள்ளே வெள்ளை.

கணவன் சிரித்தான். “சொட்டுக்கூட எறங்கலியே. டாக்டர் வேலை சுத்தம், புள்ள.”

“சுத்தந்தானுங்க. அப்ப ஒழுகாத பல்லை எதுக்குப் புடுங்கினாரு?”

அவனுக்குச் சிரிப்பு நின்றது.

“பக்கத்துப் பல்லுலயும் அவரு அடைச்ச மருந்துதான். அதுவும் ஒழுகுதாம், இன்னைக்குப் புடுங்கோணுமாம். இதைப் பாத்துட்டுச் சொல்லட்டும்.”

“டாக்டர் கோவிச்சுக்குவாரு.”

“கோவிச்சுக்கட்டும்.”

“அதைப் புடுங்காம விட்டா வலிக்குமே?”

“இப்பவும் வலிக்குதுங்க.”

பஸ் உறுமிக் கிளம்பியது. கணவன் பல்லின் இரண்டு துண்டுகளையும் எடுத்துத் தன் வேட்டி முனையில் முடிந்தான்.

“நானே டாக்டர்கிட்டப் பேசிக்கறேன்.”

அவள் கையை நீட்டினாள். “குடுங்க. பல்லு என்னோடது.”