ஒப்பு பார்க்கும் நேரம்

கோதண்டம்: …அதான் சொல்றேன் சசிரேகா. முதலாளி ரூம்ல கம்ப்யூட்டரு உறைய போட்டுகினு சும்மாதான கீது? இந்த சாஃப்ட்வேர வாங்கிட்டா லெட்டரு, ஸ்டாக்கு ஸ்டேட்மென்ட்டு எல்லாம் அதுலயே அடிச்சிக்கலாம்.

சசிரேகா: கரென்ட்டு போனா?

கோதண்டம்: வந்தப்புறம் அடி.

சசிரேகா: நம்ம ஒரகடத்துலயா? நல்லா அடிச்சேன் போங்க சார். என் டைப் மிஷினு கரென்ட்ட கேக்குதா, ஏசிய கேக்குதா?

கோதண்டம்: சரி, அது ஒரு கொறதான். ஆனா ஒரு எழுத்து தப்பாப் போச்சுன்னா முழுப் பக்கத்தையும் திருப்பி அடிக்க வேணாம் பாரு. கார்பன் பேப்பர் வேணாம். கூட்டலயும் அதுவே போட்டுடுது.

சசிரேகா: கெட்டுப் போச்சுன்னா?

கோதண்டம்: மெட்ராஸ்லேர்ந்து ஆளு வருவான்.

சசிரேகா: வருவான், வருவான். இன்னிக்கு கூப்ட்டா ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலு கும்பலோட வந்து எறங்குவான்.

கோதண்டம்: கிண்டலு… எத சொன்னாலும் ஒரு நொட்டை சொல்ற. இன்னாதாம்மா உன் கஷ்டம்?

சசிரேகா: சாயங்காலம் ஒப்பு பாக்கறது… அது?

கோதண்டம்: அது இனிமே எதுக்கு? நான் படிக்க, நீ டிக் அடிக்க… அந்த வேலையே மிச்சம்.

சசிரேகா: மிச்சம்…

கோதண்டம்: இன்னாம்மா?

சசிரேகா: ஒண்ணுமில்ல. நான் அடிக்கிறது அவ்ளோ மோசமா சார்?

கோதண்டம்: யாரு சொன்னா? காலையில அடிக்கிற லெட்டர்ல ஒரு தப்பு கெடையாது. சாயங்காலம் ஸ்டேட்மென்ட்லதான் நம்பரு நம்பரா தப்பு. திருப்பி அடிக்கிற, திருப்பி படிக்கிறோம். பாவமா கீது.

சசிரேகா: தெரிஞ்சேதான் சார் அடிக்கிறேன்.

கோதண்டம்: எத?

சசிரேகா: தப்ப.

கோதண்டம்: எதுக்கும்மா?

சசிரேகா: காலையிலேர்ந்து இந்த ரூம்ல நான் ஒருத்தி. ஷிப்ட்டு ஆளுங்க கண்ணாடிக்கு அந்தாண்ட போறாங்க, வராங்க. பென்னலூர்ல அண்ணன் வூட்டுக்குப் போனா சோத்த மூடி வெச்சிட்டு படுத்துக்கறாங்க. அண்ணி எங்கிட்ட பேசி எவ்ளோ நாளாச்சோ… நீங்க 'சின்ன ஸ்பிரிங்கு, நானூத்தி எட்டு'ன்னு படிக்கறீங்க பாருங்க, நாள் பூரா எனக்குன்னு ஒருத்தர் வாயத் தொறக்கறது அது ஒண்ணுதான். தப்பு இருந்தா ரெண்டாவது தபாவும் படிப்பீங்க.

கோதண்டம்: சசிரேகா…

சசிரேகா: பைத்தியம்னு நெனச்சிக்காதீங்க சார். முதலாளிகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.

கோதண்டம்: எப்பிடிம்மா சொல்லுவேன்…

சசிரேகா: கரென்ட்டு நிக்காதுன்னு சொல்லுங்க. எலி கடிக்கும்னு சொல்லுங்க.

கோதண்டம்: போன வாரமே வாங்கியாச்சும்மா. நாளைக்கு போட்டுக் குடுக்க ஆளு வரான். உங்கிட்ட பக்குவமா எடுத்து சொல்ல சொன்னாரு, அதான் இவ்ளோ நேரம்…

சசிரேகா: யாரு சார் வாங்க சொன்னது?

கோதண்டம்: நான்தான். பொண்ணு தெனமும் திருப்பித் திருப்பி அடிச்சிகினு கீது, பாக்க முடியல சார்னு… நான்தாம்மா போய் நின்னேன்.