எட்டாம் நம்பர் கொடி ஏத்தின காலை

பாலத்தை மூடிட்டாங்க. பஸ்ஸும் கிடையாது. புயல் கொடி எட்டாம் நம்பர் ஏத்தியாச்சு. எங்க மக்காவுல எட்டுன்னா எல்லாத்துக்கும் பூட்டு. நீ எதுக்கும்மா இன்னும் நிக்கிறே? ஹோட்டலுக்கு ஓடு. தூரமா? அப்ப உள்ள தள்ளி நில்லு, இந்தக் கடை வாசல்ல மழை அடிக்காது.

நானா? பதினோரு மணிக்கு அக்கரைல, கொலோவான் சர்ச்சுல கல்யாணம். போயே ஆகணும். பாலத்துக்குக் கீழ்த்தட்டு ஒண்ணு இருக்கு, புயலன்னிக்குக் கார் எல்லாம் அதுக்குள்ள போகும். என்கிட்ட கார் ஏது? பாதிரியாருக்கு போன் போட்டேன். இந்த ஸ்டாப்புலதான் மாட்டிக்கிட்டேன் சாமின்னேன். பன்னண்டு வரைக்கும் பாப்பேன், அப்புறம் மெழுகுவத்தியை அணைச்சிடுவேன்னுட்டார்.

சிரிக்காம என்ன பண்ண? காலைலேருந்து சும்மா சும்மா சிரிப்பா வருது. எனக்கே கேவலமா இருக்கு.

என்ன, நோட்டை எடுத்துட்டே? கட்டுரையா? சரி, சுருக்கமா சொல்றேன். ஊரு முப்பத்துமூணு சதுர கிலோமீட்டர். ஜனம் ஏழு லட்சத்துக்குக் கிட்ட. காசு பட்டாக்கா. போர்ச்சுகீசியன் நானூத்திச் சொச்ச வருஷம் இருந்தான், போனான். இப்ப சீனா. ஆனா போலீஸ் எங்களுது, கோர்ட்டு எங்களுது. அம்பது வருஷத்துக்கு இப்படியே விடுறோம்னு பேச்சு. அதுக்கப்புறமா? எனக்கு அப்ப தொண்ணூறு தாண்டிடும். நீ பாத்துக்கோ.

கை மாறினது தொண்ணூத்தொம்போது டிசம்பர் இருபது. மறக்குமா? போலீஸ் பேண்டுல டிரம்பெட் ஊதின ஒரு முட்டாள், அதுக்கு முந்தின நாள் கல்யாணம் வச்சிருந்தான். பழைய கொடி கடைசியா இறங்குது, ஊத யார் வர்றாங்கன்னு கேட்டாங்க. கையைத் தூக்கிட்டான். கல்யாணத்தை அடுத்த வாரம் வச்சுக்கலாம்னான். கொடிதான் ஏறும் இறங்கும், நானும் அப்படியாடான்னு கேட்டா அந்தப் பொண்ணு. அடுத்த வாரம் லிஸ்பனுக்கு டிக்கெட் எடுத்துட்டா.

அப்புறமென்ன, அங்கேயே கட்டிக்கிட்டா. அந்தப் புருஷனும் போய்ச் சேந்துட்டார். போன வருஷம் திரும்பி வந்தா. மார்க்கெட்டுல மீனுக்குப் பேரம் பேசிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் முதல் வார்த்தை, ஊதி முடிச்சிட்டியா?

ஆமா, நான்தான் அந்த முட்டாள். பின்ன, எழுபது வயசுல கோட்டுல பூவைக் குத்திக்கிட்டு எதுக்கு நிக்கிறேன்? இந்தத் தடவையும் வரலேன்னா மூஞ்சிலயே முழிக்காதேன்னு சொல்லியிருக்கா.

ஏய், அங்க பாரு. ரொட்டிக்கடை வேன். எவன் அவன் புத்தி கெட்டவன், எதிர்ப்பக்கமா வரான்? எங்க ஊர்ல இடதுபக்கம் ஓட்டணும்மா, வலதுபக்கம் போர்ச்சுகல்லுலதான்...

அட, ஜன்னல்ல வெள்ளை முக்காடு பறக்குது! ஹாரனை விட மாட்டேங்குறா பாரு! வரேன், வரேண்டி, கதவைத் திற!

மாப்பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வந்தது யாருன்னா கேக்குறே? என் கல்யாணப் பொண்ணு, டியோலிண்டா!