அவரு எந்திரிக்கிறதுக்குள்ள

இருங்க தம்பி, சாவியப் போடாதீங்க. பழம் வெக்கல இன்னும். நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம், காலையிலயே பாசார்ல வாங்கிட்டேன். பழைய காடிதான், ஆனா உங்களுக்குப் புதுசுல்ல? கொஞ்சம் மெதுவாப் பேசுங்க லா. அங்கிள் உள்ள தூங்குறாரு. சாப்பிட்டுப் படுத்தா டீ நேரத்துக்குத்தான் எந்திரிப்பாரு. அதுக்குள்ள இந்தக் காடி வாசல்ல இருக்கக் கூடாது.

இல்ல, வித்தத அவருக்குச் சொல்லல. பயப்படாதீங்க, காடி என் பேருலதான இருந்துச்சு. பேரு மாத்த நீங்களும்தான கூட வந்தீங்க. இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணுதான், கண்ணு சரியில்ல. சொன்னா கேக்குற ஆளா? போர்ட் கிள்ளான்ல கண்டெய்னர் லோரி ஓட்டுன மனுசன். தாய்லாந்து பார்டர் வரைக்கும் தனியாப் போயிட்டுத் தனியா வருவாரு. சாவிய ஒளிச்சு வெச்சா வீட்டையே புரட்டிப் போட்டுடுறாரு.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? அட, இப்பதானா? கேமரன் மலைக்குப் போகப் போறீங்களா ரெண்டு பேரும்? போங்க, போங்க. நாங்களும் காடியில போனோம். கேமரனுக்கு இல்ல, அமெரிக்காவுல.

நெஜமாதான் தம்பி. மக விஷ்ணுப்ரியா நியூ ஜெர்சியில இருக்கா. நேரா ப்ளேன்ல வந்து எறங்குங்கப்பான்னு சொன்னா. இவரு கேட்டாத்தான? லாஸ் ஏஞ்சல்ஸ்ல எறங்கி, வாடகைக்குக் காடி எடுத்து, அந்தக் கடல்லருந்து இந்தக் கடல் வரைக்கும் நானே ஓட்டிட்டு வரேன்னுட்டாரு. அங்க ஓடுற பெரிய பெரிய லோரிய எல்லாம் டிவியில பாத்துப் பாத்து ஆசை.

அங்கயும் இப்படித்தான் பழம் வெச்சேன். பத்து நிமிசம் கழிச்சுப் பாக்குறேன், வாடகை ஆபிஸ்காரன், ஆறடி ஆளு, தரையில முட்டி போட்டு நாலு பழத்தையும் பொறுக்கித் தொடச்சு, பையில போட்டு, மேடம் உங்க பழம் உருண்டு போயிடுச்சுன்னு கொண்டாந்து குடுக்குறான். தேங்க்யூன்னு வாங்கிக்கிட்டு, அவன் அந்தப் பக்கம் போனதும் மறுபடி வெச்சேன். மறுபடி பொறுக்கிட்டு வரான்! இவரு கத்துறாரு, ஏறுறியா இல்ல இங்கயே ஜூஸ் கடை போடப் போறியான்னு.

ஏறுனா அங்க எல்லாமே பக்கம் மாறி இருக்கு. நான் தினமும் நம்ம ஊரு பழக்கத்துல போய் ஸ்டீரிங் முன்னாடி உக்காந்துடுவேன். அவரு வெளிய நின்னுக்கிட்டு, சரி, நீயே ஓட்டும்பாரு. சிக்னல் போடுற கம்பியும் மாறிப்போச்சு. அவரு சிக்னல் போட்டா வைப்பர் ஆடுது. அரிசோனா வெயிலு, பாலைவனம், ஒரு சொட்டு மழை கிடையாது, ஒவ்வொரு முக்குலயும் இவரு காஞ்ச கண்ணாடியில கரகரன்னு வைப்பரப் போட்டுக்கிட்டுத் திரும்புறாரு. பின்னாடி வர்றவன் ஹார்ன அடிக்கிறான். எனக்குச் சிரிச்சு சிரிச்சு வயித்து வலி. பாதி அமெரிக்கா தாண்டியும் வைப்பர்தான். அவ்வளவு பெரிய டிரைவருக்கு இன்னுமா கை பழகலன்னு எனக்கு அப்பத் தோணல.

சண்டையா? சண்டை போடாத ஊரே இல்ல. கிராண்ட் கேன்யன்னு உலகமே போய்ப் பாக்குற இடம், எட்டிப் பாத்துட்டு, பெரிய குழிதான்னுட்டு லோரி நிறுத்துற இடத்துக்குப் போயிட்டாரு. ஒரு மோட்டல்ல கரண்டு குக்கர்ல நெத்திலி சம்பல் வதக்குனேன். மேல இருந்த பொகை அலாரம் கத்துன கத்துல, தூங்குனவங்க எல்லாம் கட்டுன துணியோட வெளிய வந்து நிக்குறாங்க. இவரு மட்டும் சோத்துத் தட்டோட வந்து நிக்குறாரு.

ஆனா எங்க சொந்தக்காரங்களுக்குப் பிடிச்சது பெட்ரோல் ஸ்டேஷன் கதைதான். கல்யாண வீட்டுல என்னப் பாத்தாலே, அக்கா அதச் சொல்லுங்கம்பாங்க. பேரு தெரியாத ஊரு, ஒரே ஒரு பெட்ரோல் ஸ்டேஷன், சுத்தி வெறும் புல்லு. நான் டாய்லட் போயிட்டு, கையில இருந்த சில்லறைக்கு ரெண்டு காப்பி வாங்கிக்கிட்டு வெளிய வரேன், காடியக் காணோம். என்னோட போன், பை எல்லாம் காடியில. மனுசன் என்ன விட்டுட்டுப் போயே போயிட்டாரு! அந்தக் கடைப் பொண்ணு பாவம், நாற்காலி கொண்டாந்து போட்டுச்சு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. ஆயுசு பூரா தனியா லோரி ஓட்டுன பழக்கம், பக்கத்து சீட்டுல ஆள் இருக்கான்னு பாக்கவே இல்லன்னு நான் சொல்வேன், எல்லாரும் சிரிப்பாங்க. ப்ரியா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. அவரும் சிரிப்பாரு.

சரி, பழம் வெச்சாச்சு. ஐயோ, ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி! இந்த எஞ்சின் சத்தம் கேட்டா தூக்கத்துலருந்து ஓடியாந்துடுவாரு. ஃப்ரீ கியர்ல போட்டுட்டு எறங்குங்க. நீங்க கதவத் திறந்து வெச்சு ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டுத் தள்ளுங்க, நான் பின்னாலருந்து தள்ளுறேன். அந்த முக்கு வரைக்கும்தான். எனக்கு ஒண்ணும் ஆகாது, தள்ளுங்க. பழம் நசுங்குது, அது பரவால்ல.

எந்திரிச்சுக் கேட்டாரா? வொர்க்ஷாப்ல இருக்கு, நாளைக்கு வந்துடும்னு சொல்வேன். நாளைக்குக் கேட்டாலும் அதேதான். அவருக்கு அது புதுசாத்தான் இருக்கும்.

கண்ணுன்னு சொன்னேன்ல? கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறாரு. போன மாசம் பண்டமாரான் முக்குக் கடைக்கு ரொட்டி சானாய் வாங்கப் போனவரு ஒரு மணி நேரம் தள்ளி கோலசிலாங்கூர்ல நின்னாரு. எதுக்கு வந்தோம்னு தெரியல. போலீஸ்தான் போன் பண்ணுச்சு.

கொஞ்சம் வலது பக்கம் ஒடிங்க. ஆங்.

அந்தப் பெட்ரோல் ஸ்டேஷன்ல, நான் யாருகிட்டயும் மிச்சத்தச் சொன்னது இல்ல. திரும்பி வந்தாருல்ல, நேரா எனக்கு முன்னாடி வந்துதான் நிறுத்துனாரு. நல்லாத் திட்டணும்னு எந்திரிச்சேன். கண்ணாடிய எறக்குனாரு. அக்கா, இங்க என் சம்சாரம் நின்னாங்க, பச்ச சுவெட்டர் போட்டிருந்தாங்க, பாத்தீங்களான்னாரு. ரொம்ப மரியாதையாக் கேட்டாரு. நான் அந்தப் பச்ச சுவெட்டரோடதான் நிக்குறேன்.

வந்துடுவாங்க, இப்பதான் டாய்லட்டுக்குப் போனாங்கன்னேன். சரிக்கான்னாரு. சுத்தி வந்து கதவத் திறந்து ஏறி உக்காந்தேன். அன்னைக்குத்தான் சரியான பக்கம் ஏறுனேன். ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம், அவரு சம்சாரம் வரட்டும்னு. அப்புறம் திரும்பிப் பாத்து, ஏன் உஷா, காப்பி வாங்கப் போனியே, எங்கன்னாரு. குடுத்தேன். ஆறிப்போச்சேன்னு கோவிச்சுக்கிட்டாரு.

முக்கு வந்துடுச்சு. ஏறுங்க, இப்ப ஸ்டார்ட் பண்ணலாம்.