சாமிக்கல் நனையாமல் இருக்க

அந்தக் கல்லில் மட்டும் உட்கார வேண்டாம், ஐயா. உட்காருவதற்கு வசதியான கல்தான். முப்பது வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். முதுகு சாய டர்பன்டைன் மரம். காலுக்குக் கீழே பெரகலச் சந்திக்கு இறங்கும் பாதை. மூட்டம் இல்லாத நாளில் தெற்கே கடல் வரைக்கும் தெரியும். ஆனால் இப்போது அது சாமி. நீங்கள் இந்தப் பலகை வாங்கில் உட்காருங்கள். மர்ஸூக் முதலாளி எனக்காகச் செய்து கொடுத்த வாங்கு.

பதுளையிலிருந்து இவ்வளவு தூரம் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மாடசாமி. வயது எழுபத்தாறு. இந்தத் தோட்டத்தில் கான் கங்காணியாக இருந்தேன். மழைத் தண்ணீர் தேயிலை மலையை அரித்துவிடாமல் குறுக்கே வெட்டி ஓட விடுகிற வாய்க்காலுக்குத்தான் எங்கள் பக்கத்தில் கான் என்று பெயர். நாற்பது வருடம் ஆள் வைத்து அதை வெட்டினேன். எந்த மலையில் விழும் தண்ணீர் எந்த வழியாக எந்த ஓடையில் சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினாலும் சரி.

மாலையில் இந்தக் கல்லில் உட்கார்ந்து கதை சொல்வது என் பழக்கம். ஊரில் எனக்குப் புளுகுக் கங்காணி என்று பெயர். ஏழாம் நம்பர் மலையில் ஓர் அட்டை என் காலை விடாமல் தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூடவே வந்ததால், கணக்கப்பிள்ளை அதற்கும் அரைநாள் பேர் போட்டார் என்று சொல்லியிருக்கிறேன். அப்புத்தளை ஸ்டேஷனில் மூட்டத்தைச் சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பினேன் என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். பொய் என்று தெரிந்தே கேட்கிற பொய்யால் யாருக்கும் கெடுதல் கிடையாது.

சிரிக்காத ஒரே மனிதர் மர்ஸூக் முதலாளி. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கதை முடியும் வரை தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "சரி கங்காணியார், டீ ஆறுது" என்பார். அவருடைய மனைவி உம்மு குல்தூம் நோன்பு மாதத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு வாளி கஞ்சி அனுப்புவார். இருபது வருடம் அந்தக் கஞ்சியைக் குடித்தேன். ஒரு வருடம்கூட உப்புக் கூடியதில்லை.

இந்தப் பக்கத்தில் பதினொரு முஸ்லிம் குடும்பங்கள். பள்ளிவாசலுக்கு அப்புத்தளைக்குத்தான் போக வேண்டும். அந்த அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து பஸ் ஏற முடியாமல் போனது. சாவதற்கு முன்னால் நடந்து போகிற தூரத்தில் ஓர் இடத்தில் தொழ வேண்டும், நாலு பெண்களோடு உட்கார்ந்து ஓத வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. நாம் இப்போது இருக்கும் இந்தக் காணி முதலாளியுடையது. அடியெல்லாம் பாறை. இங்கே ஒரு சின்னப் பள்ளிவாசல் கட்டப்போகிறேன் என்று அவரே லயம் லயமாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டீர்கள். யாருக்கும் ஆட்சேபணை இல்லை, ஐயா. அதுதான் விசேஷம். மேல் லயத்துக்காரர்கள், எங்களுக்கு ஒன்றுமில்லை, கீழ் லயத்துக்காரர்கள் மனம் நோகும் என்றார்கள். கீழ் லயத்தில் போய்க் கேட்டால், மேல் லயத்தார் கோபப்படுவார்களே என்றார்கள். முதலாளி தங்கமானவர், இன்றைக்கு அவர் கட்டினால் நாளைக்கு யார் யாரோ வருவார்கள் என்றார் ஒருவர். விடியற்காலையில் ஒலிபெருக்கி போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் என்றார் கோயில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான இன்னொருவர். கடைசியில் ஆட்சேபணை இல்லாத நூற்று நாற்பது பேர் ஆட்சேபணைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் முதலில் போடவில்லை. எனக்கு அந்த மார்க்கத்தோடு ஒரு பகையும் கிடையாது. பிறகு ஒரு நாள் நில அளவைக்காரர் வந்து இங்கே முளை அடித்தார். இந்தக் கல்லைக் காலால் தட்டிப் பார்த்து, இதை உடைத்து எடுத்துவிடலாம் என்றார். நான் அப்போது அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கங்காணியார், உங்களுக்கு நல்ல வாங்கு ஒண்டு அடிச்சுத் தாறேன். பள்ளிக்கு முன்னால போட்டு, அதுல இருந்து சொல்லுங்க" என்றார். அடுத்த கிழமையே வாங்கு வந்துவிட்டது. நல்ல பலகை. ஆனாலும் கல் கல்தான்.

எங்கள் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தேயிலைச் செடியைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில், மலை ஓரத்து மரத்தடியில் ஒரு கல்லை நிறுத்தி, மஞ்சள் பூசி, கத்திகளை அதன் முன்னால் வைத்துக் கும்பிடுவோம். அதுதான் கவ்வாத்துச் சாமி. வெட்டு முடிந்தால் ஆட்கள் அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். மழையில் மஞ்சள் கரைந்துவிடும். எந்தக் கல் என்று யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதனால் எந்தக் கல்லைக் காட்டி இதுதான் என்று சொன்னாலும், இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

தோட்டத் தலைவர் ஜெயகுமார் கூட்டம் வைத்தபோது நான் எழுந்து சொன்னேன். என் அப்பா காலத்தில் ஏழாம் நம்பர் மலைக்குக் கும்பிட்ட சாமி இந்தக் கல்தான் என்றேன். அதை மிதித்தவனுக்கு அன்றைக்கே காய்ச்சல் கண்டது என்றேன். முடிக்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஜெயகுமார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்களே அதுமேல முப்பது வருசமா குந்திக்கிட்டு இருக்கீங்களே, கங்காணி."

"அதனாலதான் தம்பி எனக்கு முழங்கால் புடிச்சிக்கிச்சி."

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது; என்னிடம் ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு கவ்வாத்துக் கத்தியும் சாத்தியிருந்தது. கல் பிழைத்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் அதில் உட்கார முடியவில்லை. அதை நான் யோசிக்கவில்லை.

முதலாளி சண்டை போடவில்லை. கீழே, ஏழாம் நம்பர் மலையின் அடியில், அவருக்குக் கிழங்கு போட்ட துண்டுக் காணி ஒன்று இருந்தது. அங்கே கட்டிக்கொள்கிறேன், ஒலிபெருக்கியும் வேண்டாம் என்றார். ஜனங்களுக்கும் சந்தோஷம், பள்ளிவாசலுக்கு இடம் கொடுத்த ஊர் என்று தங்களைப் பற்றியே பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அனுமதி கொடுக்க வந்த உத்தியோகத்தர் மலையை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நாற்பது வருடத்தில் ஒரு பிடி மண் இறங்கியதில்லை என்றேன். அது உண்மை. மலைத் தண்ணீரையெல்லாம் என் கான் இந்தப் பக்கமாகக் கொண்டுவந்து பாறை ஓடையில் விட்டுக்கொண்டிருந்தது.

எட்டு மாதத்தில் கட்டி முடித்தார்கள். பச்சைச் சாயம் அடித்த சின்னக் கட்டடம். பக்கத்து அறையில் வியாழக்கிழமை மாலையில் பெண்கள் ஓதினார்கள். உம்மு குல்தூம் அம்மா தடியை ஊன்றி நடந்தே போய் வந்தார்.

இங்கே சாமியும் வளர்ந்தது. சிமெந்துத் தளம் போட்டார்கள். தகரக் கூரை வந்தது. ஐப்பசி மழையில்தான் ஒரு தொல்லை. ஏழாம் நம்பர் மலையைத் தோட்டம் கைவிட்டு ஆறு வருடம். கானில் மானாப்புல் மூடி, தண்ணீர் நிரம்பி வழிந்து, தளத்துக்குள் வரத் தொடங்கியது.

"சாமி காலடியில சேறு நிக்குது, கங்காணி. தண்ணி விசயம் ஒங்களுக்குத்தானே தெரியும். நீங்கதான் பாக்கணும்" என்றார் ஜெயகுமார்.

முறையாகச் செய்வதென்றால் கானைத் துப்புரவாக்க வேண்டும். நாலு ஆளுக்கு மூன்று நாள் வேலை. எனக்கோ முழங்கால் வலி. ஒரு வெயில் நாளில் மம்பட்டியை எடுத்துக்கொண்டு தனியாக மேலே போனேன். கானின் கீழ்க்கரையில் ஒரு முழம் வெட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரும் வழியை மண் போட்டு அடைத்தேன். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது என் மனைவி கருப்பம்மா மம்பட்டியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். ஏழாம் நம்பர் மலை மண் சிவப்பு, ஐயா. நாற்பது வருடம் என் துணியைத் துவைத்தவளுக்கு அது தெரியும்.

"தண்ணிய எங்க வுட்டீங்க" என்று கேட்டாள்.

"தண்ணிக்கு வழி தெரியும்" என்றேன்.

பிறகு கார்த்திகை மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. மாலையில் நான் குடையோடு இந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சாமிக்கல் காய்ந்து கிடந்தது. அவ்வளவு மழையில் இந்தத் தளத்தில் ஒரு சொட்டு ஓடி வரவில்லை என்றால் அத்தனை தண்ணீரும் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். மலை குடித்துக்கொண்டிருந்தது.

ஓதப் போகிற பெண்கள் ஏழு பேர் குடை பிடித்துப் பாதையில் இறங்கி வந்தார்கள். உம்மு குல்தூம் அம்மா என்னைக் கண்டு நின்றார்.

"என்ன கங்காணியார், இந்த மழையில இங்க குந்தியிருக்கிறீங்க? வீட்டுக்குப் போங்க. தடிமன் புடிச்சிரும்."

"சாமி நனையுதான்னு பாக்குறேம்மா."

சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் கொஞ்ச நேரம் நினைத்தேன். மலையில் தண்ணீர் நிற்கிறது என்றால், எப்படி வந்தது என்பார்கள். கானைத் திருப்பினேன் என்றால், எதற்காக என்பார்கள். சாமிக்காக என்றால், அது எப்போது சாமியானது என்பார்கள். ஓர் உண்மையை எடுத்தால் அடுத்தது தானாக வந்துவிடும். பிறகு கல்லை உடைத்துவிடுவார்கள்.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு கதை சொன்னேன். வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஒரு மலை தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டு, வயிறு தாங்காமல் எழுந்து சந்தி வரைக்கும் நடந்து போனது என்று சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். "ஒங்கட வாய்க்கு மழைகூட நிண்டுரும்" என்றார். பிறகு போய்விட்டார்கள். நான் எச்சரித்தேன் என்பதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும்.

சத்தம் பெரிதாக இல்லை. லொறி கல் கொட்டுகிற மாதிரி, கொஞ்சம் நீளமாக.

கையெழுத்துப் போட்ட நூற்று நாற்பது பேரும் ஓடி வந்து சரிந்த மண்ணைத் தோண்டினார்கள். ஜெயகுமாருக்கு நகம் இரண்டு பெயர்ந்தது. எங்கே தோண்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் வாங்கிலிருந்து எழுந்து போய்க் கையால் காட்டினேன். தண்ணீர் மண்ணை எப்படித் தள்ளும் என்று எனக்குத் தெரியும் அல்லவா. காட்டிய இடத்தில்தான் ஏழு பேரும் இருந்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. என் கணக்கைச் சொல்கிறேன்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்த பிறகு நான் முதலாளியின் கடைக்குப் போனேன். கல், கான், மம்பட்டி, எல்லாவற்றையும் உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். முடிந்ததும் அவருடைய உதடு லேசாக விரிந்தது. இத்தனை வருடத்தில் அவர் என் கதைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"இந்தக் கதைய மட்டும் வேற யாருட்டயும் சொல்லாதீங்க, கங்காணியார்" என்றார். "நம்பிருவாங்க."

டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் இங்கே நல்ல கூட்டம். சாமி தன் எல்லையை எவ்வளவு சுத்தமாகக் காத்தது பார்த்தீர்களா என்கிறார்கள். கருப்பம்மா மட்டும் வருவதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. வயதாகிவிட்டால் பெண்களுக்கு அப்படித்தான்.

நீங்களும் பேனையை மூடிவிட்டீர்கள். பரவாயில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் மேலே வாருங்கள், காட்டுகிறேன். வெட்டு அப்படியே இருக்கிறது. கையால் அளந்து பார்க்கலாம். நான் திருப்பிவிட்டது ஒரு முழம்தான், ஐயா. மீதித் தூரமெல்லாம் தண்ணீர் தானாகவே போனது.