அஞ்சு நிமிஷம்

கார் 'டிக்' என்று மட்டும் சத்தம் போட்டுவிட்டு நின்றால் எல்லோரும் பேட்டரி மேல்தான் பழி போடுவார்கள் ஐயா. பாதி நேரம் பேட்டரியில் ஒரு கோளாறும் இருக்காது. சாவியைத் திருகியதும் ஸ்டார்ட்டர் மோட்டாரோடு ஒட்டியிருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் முன்னால் தாவும். அந்தச் சத்தம்தான் 'டிக்'. அது தாவக் கொஞ்சம் மின்சாரம் போதும். எஞ்சினைச் சுழற்ற அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வழியில் ஒரு இடத்தில் பிடிமானம் சரியில்லையென்றால் கொஞ்சம் போகும், நிறைய போகாது. ஹெட்லைட் எரியும், ஹாரன் அடிக்கும், வண்டி மட்டும் கிளம்பாது.

பழவேற்காட்டில் இது அடிக்கடி நடக்கும். உப்புக் காற்று. ஒரு மழைக்காலம் போனால் பேட்டரி முனையில் பச்சை பூத்துவிடும். கடைத்தெருவில் வண்டி வயரிங் வேலை பார்க்கும் எனக்குச் சோறு போட்டதே அந்தப் பச்சைதான்.

தமிழ்வாணனும் நானும் ஒரே குப்பம். அவன் கடலுக்குப் போனான், நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். குப்பத்தில் யாருக்கு எது என்றாலும் "மூர்த்தியக் கூப்புடு" என்பார்கள். படகு மோட்டார் ஓடாவிட்டாலும், வீட்டில் கரண்ட் போனாலும் நான்தான். அவன் பழைய கார் ஒன்று வாங்கிய பிறகு "தமிழ்வாணனக் கூப்புடு" என்று ஆகிவிட்டது. சாவியை அவன் வண்டியிலேயே விட்டு வைப்பான். ஓட்டத் தெரிந்த யாரும் அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். நல்ல மனசு. அதை நான் மறுக்கவில்லை.

என் மனைவி அம்பிகாவுக்கு வலி எடுத்த அன்று நான் ஆரம்பாக்கத்தில் ஒரு லாரிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அவன்தான் ஏற்றிக்கொண்டு போனான். பொன்னேரி போய்ச் சேர்வதற்குள், திருப்பாலைவனம் தாண்டியதும், அந்தக் காரிலேயே குழந்தை பிறந்துவிட்டது. அவன் மனைவி ஜமுனா கையில் வாங்கினாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் மகள் தமிழ்வாணன் கையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மீன் விற்கும் ஜெயம்மா அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மூர்த்தி, உம் பொண்ணுக்குப் பேரு வெக்காத, நம்பர் பிளேட்டு மாட்டு" என்று சொல்லும். எல்லோரும் சிரிப்பார்கள். அம்பிகாவும் சிரிப்பாள். "தமிழ் அண்ணன் இல்லன்னா நான் ஏது?" என்பாள். அந்தக் கார் ஹாரனைக் கேட்டால் குழந்தை என் மடியிலிருந்து இறங்கி வாசலுக்குத் தவழும்.

அதனால்தான் எர்த் வயரில் கை வைத்தேன். பேட்டரியின் கறுப்பு வயர் வண்டியின் உடம்பில் ஒரு போல்ட்டுக்கு அடியில் உட்காரும். அந்த இடத்தில் அம்பிகாவின் நகப் பாலிஷை ஒரு பூச்சுப் பூசி, போல்ட்டை லேசாகத் தளர்த்தி வைத்தால் போதும். பாலிஷ் மின்சாரத்தைத் தடுக்கும், வெளியே தெரியாது. காலையில் 'டிக்' என்னும். என்னைக் கூப்பிடுவார்கள். எல்லோரும் பார்க்கச் சுரண்டி முறுக்கிக் கொடுப்பேன். "நீ கைய வெச்சாதான் இது கேக்குது மச்சான்" என்பான் அவன். யாருக்கும் நஷ்டமில்லாத காரியம். நாலைந்து தடவை செய்திருப்பேன்.

அன்றைக்கும் முந்தின சாயங்காலமே செய்து வைத்திருந்தேன். காலையில் வலை உதறும்போது கடல் பாம்பு அவன் விரலில் கடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடல் பாம்புக் கடி முதலில் அவ்வளவாக வலிக்காது. அவன் நடந்தே வந்து காரின் பின் சீட்டில் ஏறினான். பக்கத்து வீட்டுச் சின்னதம்பி சாவியைத் திருகினான். டிக். என்னைக் கூப்பிட்டார்கள்.

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

எதையும் வரிசையாகப் பார்க்க வேண்டும் ஐயா. முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகச் சொன்னேன். விளக்கு மங்கியது. மின்சாரம் வழியில் எங்கோ திணறுகிறது என்று அர்த்தம். அதைச் சின்னதம்பிக்கு விளக்கினேன். பிறகு பேட்டரி முனைகளைக் கழற்றி வெந்நீர் ஊற்றித் துடைத்தேன். கீழே படுத்து ஸ்டார்ட்டரைத் தட்டினேன். ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள். கியரைப் போட்டதும் சக்கரம் மணலில் உழுதுகொண்டு போனதே தவிர எஞ்சினைச் சுழற்றவில்லை. கெட்டித் தரை இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். அதையும் சொன்னேன்.

"பைக்ல நடுவுல உக்கார வெச்சித் தூக்கினு போயிடலாம்பா" என்றான் சின்னதம்பி.

"பாம்பு கடிச்ச ஆள ஆட்டக் கூடாதுபா. வெஷம் ஏறும்."

அது உண்மைதான்.

"நூத்தியெட்டுக்கு போன் போடவாண்ணே?" என்று ஜமுனா கேட்டாள்.

"அது வர்றதுக்குள்ள நாம பொன்னேரியே போயிடலாம்மா. அஞ்சு நிமிஷம்."

அந்த விஷம் எப்படி வேலை செய்கிறது என்று பின்னால் படித்தேன். நரம்பு தசையைத் தொடுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூளை கட்டளை அனுப்புகிறது, தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. சாவி திரும்புகிறது, எஞ்சின் சுழல்வதில்லை. இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் அவன் இமைகள் சரிந்தன. பிறகு பேச்சு குழறியது. பிறகு மூச்சு.

ஜமுனா என்னைக் கேட்காமலே போன் போட்டாள். ஆம்புலன்ஸ் வந்தபோது நான் பேட்டரியை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் காரை விற்கப் போவதாகச் சொன்னாள். நான் போய் அந்த போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி முறுக்கினேன். ஒரே திருகில் கிளம்பியது. சத்தம் கேட்டு வெளியே வந்தாள்.

"இப்ப மட்டும் எப்டிண்ணே?"

யாராவது எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. பொறுமையாக, முதலிலிருந்து சொன்னேன். என் கத்தி முனையில் ஒட்டியிருந்த சிவப்புப் பாலிஷையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

நீங்கள் கேட்பது வேறு. பாம்பு கடித்தது தெரிந்த பிறகும் ஏன் முறுக்கவில்லை என்கிறீர்கள்.

நான் பானட்டைத் திறந்தபோது பின் சீட்டிலிருந்து அவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "ஏன்டி அழுவுற? மூர்த்தி வந்துட்டான்ல. இனிமே எனக்கு இன்னா பயம்?"

அம்பிகாவும் அங்கேதான் நின்றாள். அவளும் கேட்டாள். அந்த நிமிஷமே அவன் மேல் எனக்கிருந்த பொறாமையெல்லாம் போய்விட்டது ஐயா. துளிகூட மிச்சமில்லை. ஸ்பானர் என் கையில்தான் இருந்தது. அவன் இன்னொரு தடவை அதைச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.