இடது காலின் இரண்டாவது திருகு

புது ஷூ வாங்கியவன் கொஞ்ச நாளைக்குத் தரையைப் பார்த்தேதான் நடப்பான். சைக்கிள் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும், ஐயா. மருந்துக்கடைக்காரர் யார் வீட்டில் அடிக்கடி குடையை மறந்து வைத்துவிட்டு வருகிறார், தையல்காரியும் அவள் மாமியாரும் எதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், எல்லாம் தெரியும். நான் யாரையும் நோண்டிக் கேட்டதில்லை. கண் இருக்கிறது, எதிரே தெரு இருக்கிறது.

எதிர் வீடு என் தங்கையுடையது. அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். கல்யாணமானதும் அந்த வீட்டைப் பேசி முடித்துக் கொடுத்ததும் நான்தான். அவள் புருஷனுக்குத் தெருவில் ‘ஹெல்மெட்’ என்று பெயர். தக்காளி வாங்கப் போனாலும் தலையில் அது இருக்கும். மலையேறும் சைக்கிள் வாங்கியதிலிருந்து அப்படி.

நல்லவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். துணி துவைத்து அவனே மாடியில் காயப்போடுவான். ஊர் பார்க்கத்தானே மாடியில் போடுகிறான்? சாயங்காலம் அவன் ஏதோ சொல்ல, என் தங்கை சிரிப்பது கடை வரைக்கும் கேட்கும். என்னோடு இருந்தபோது அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. பயந்துபோன பெண்கள் அப்படித்தான் சத்தமாகச் சிரிப்பார்கள்.

ஒருநாள் அவள் கடைக்கே வந்து நின்றாள். “ஏன்ணா, எங்க வீட்டு லைட்டு எப்ப அணையுதுன்னு பாத்துக்கிட்டேதான் உக்காந்திருப்பியா? உனக்குத் தூக்கம்னு ஒண்ணு வராதா?”

“உன் நல்லதுக்குத்தானேம்மா.”

“என் நல்லத நான் பாத்துக்கறேன். நீ டயரப் பாரு.”

அது அவள் பேச்சே இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? மறுநாளே புதுத் திரைச்சீலை மாட்டினார்கள். வீட்டில் எத்தனையோ ஜன்னல் இருக்க, என் கடையைப் பார்த்த ஜன்னலுக்கு மட்டும். ஆனாலும் நான் குரலை உயர்த்தவில்லை.

அப்புறம் அவன் புது ஷூவோடு வந்தான். “மச்சான், இதுக்குக் கிளீட் மாட்டிக் குடுங்க. மலைப்பாதைல கால் வழுக்குது.”

“விழுந்து வச்சா?”

“விழுந்தா உங்க தங்கச்சி சிரிப்பா, வேற என்ன?” அவனும் சிரித்தான். போகிற போக்கில் சொல்கிற மாதிரி, “மாசக் கடைசில கிளம்புறோம் மச்சான். வேற ஊர்ல வேலை உறுதியாயிடுச்சு. இனிமேயாவது அவ நிம்மதியா இருப்பா” என்றான்.

எதிலிருந்து நிம்மதி? ஷூவை வாங்கிக்கொண்டேன்.

கிளீட் என்பது ஷூவுக்கு அடியில் பொருத்துகிற சின்ன இரும்புத் துண்டு, ஐயா. அது பெடலில் போய்ப் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் ‘டக்’ என்று விடும். அதைப் பிடித்திருப்பவை இரண்டு திருகுகள். இரண்டும் இறுகியிருந்தால்தான் காலோடு சேர்ந்து கிளீட்டும் திரும்பும். ஒன்றுதான் பிடித்திருக்கிறது, அதுவும் தளர்ந்துவிட்டது என்றால் கால் திரும்பும், கிளீட் திரும்பாது. எவ்வளவு முறுக்கினாலும் விடாது. இந்தத் தொழிலில் இருப்பவன் முதலில் கற்றுக்கொள்வதே இதைத்தான்.

இடது ஷூவில் ஒரு திருகின் மரையை அறுத்துவிட்டு, தலையை மட்டும் பசை வைத்து ஒட்டினேன். இன்னொன்றை மலை வரைக்கும் தாங்குகிற அளவுக்கு மட்டும் இறுக்கினேன். அவன் கடைக்குள்ளேயே சைக்கிளில் ஏறி மாட்டிக் கழற்றிப் பார்த்தான். அழகாக விட்டது. “உங்க கைவேலையே தனி மச்சான்” என்றான். செயினுக்கு எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று சைக்கிளை வாங்கி வைத்துக்கொண்டு, பிடி இன்னும் இறுகும்படி பெடல் ஸ்பிரிங்கையும் முடிந்த மட்டும் முறுக்கினேன்.

அவன் எப்போதும் இடது காலைத்தான் முதலில் ஊன்றுவான். வாசலில் உட்கார்ந்து பார்த்ததுதான். விடியற்காலையில் வழியில் எங்கும் நிற்க வேண்டியிருக்காது. பழைய கல்குவாரிக்கு மேலே இருக்கிற செங்குத்து வளைவில்தான் யாராக இருந்தாலும் கால் ஊன்றியாக வேண்டும். பள்ளமும் அங்கே இடப்பக்கம்தான்.

கீழே கிடந்தபோதும் அவன் கால் பெடலில்தான் இருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கும்.

நேற்று என் தங்கையை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தீர்கள். அவள் உட்காரவில்லை. “அன்னைக்கு அவரு கிளம்பினப்போ நான் வாசக்கதவத் தொறந்தேன். நீ எதிர்ல நின்னு கைய ஆட்டினே” என்றாள். பிறகு, “நீ வேணாம்னுதானே நாங்க ஊரையே விட்டுப் போறதா இருந்தோம்” என்றாள். துக்கத்தில் இருப்பவள் வாயில் என்னென்னவோ வரும். அதை நீங்கள் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது நான்தான். யார் துணையும் இல்லை. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள் என்கிறீர்கள். எங்கே என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. பாவம், தனியாக இருப்பாள். எதிரே கடைக்கு ஏதாவது இடம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.